சாந்தியா, சிமெண்டா, பல் நிறமா?

லோனாவ்லா போய்வந்த அலுவலக நண்பர் கொடுத்த வேர்க்கடலைச் சிக்கியைக் கடித்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கடலைதான் என்று நினைத்து இன்னும் இரண்டு தடவை மென்றேன். கையில் துப்பிப் பார்த்தால் நொய்யரிசி அளவில் வெள்ளையாக ஒரு துண்டு. நாக்கு அதற்குள் இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் பள்ளத்தைக் கண்டுபிடித்துவிட்டது. அப்புறம் ஒரு வாரம் அதற்கு வேறு வேலையே இல்லை.

அந்தப் பல்லை அடைத்து இரண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. அடைத்த கிளினிக்கின் பெயர் வேண்டாம். மும்பை ஃபோர்ட் பக்கம், மதியச் சாப்பாட்டு இடைவேளையில் இருபது நிமிடத்தில் முடித்து அனுப்பினார்கள். எவ்வளவு சுறுசுறுப்பு என்று நானே நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். இப்போது மறுபடி அடைக்க வேண்டும். எதைக் கொண்டு அடைப்பது என்று வீட்டில் பேச்சு எடுத்ததும் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள்.

அம்மா வெள்ளிக் கட்சி. தாராவியில் நாங்கள் இருந்த காலத்தில், 1986 வாக்கில், மும்பை சென்ட்ரல் பக்கம் நாயர் பல் மருத்துவக் கல்லூரியில் அவளுக்கு ஒரு பல்லை அடைத்தார்கள். அங்கே இருந்த பையன் "சாந்தி பர்னா ஹை" என்று சொன்னதும், பக்கத்து வீட்டு சாந்தியக்காவை இவர்கள் எதற்குத் தேடுகிறார்கள் என்று முழித்தாளாம். இந்தியில் சாந்தி என்றால் வெள்ளி. "அவிய அடைச்சது இன்னும் கல்லு மாரி கெடக்குல. நீ ஆயிரம் ஆயிரமா கொடுத்து வச்சது சிக்கியில போச்சி" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

மனைவி பாதரச எதிர்ப்புக் கட்சி. வெள்ளி அடைப்பில் பாதரசம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் படித்திருக்கிறாள். விஷத்தை வாயில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிடுவீர்களா என்று கேட்டாள். இந்த இடத்தில் வாட்ஸ்அப் சொன்னது பாதி உண்மை. அதற்கு அப்புறம் வருகிறேன்.

அக்கா மகள் பல் மருத்துவத்தில் பிடிஎஸ் முடித்து நவி மும்பையில் இன்டர்ன்ஷிப் செய்கிறாள். அவள் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "மாமா, எது நல்லதுன்னு கேக்காதீங்க. ஓட்டை எங்க இருக்கு, எவ்வளவு பெருசு, அந்த இடத்த எச்சில் படாம வச்சுக்க முடியுமா, இத மொதல்ல கேளுங்க" என்றாள். உருப்படியாக யாராவது சொன்னது அதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அது மழுப்பலாகத்தான் பட்டது. எனக்கு வேண்டியது ஒரு பெயரும் ஒரு விலையும்.

இரண்டு டாக்டர்களைப் பார்த்தேன். முதலாவது ஒரு மாலுக்கு அருகே. வாய்க்குள் சின்ன கேமரா விட்டு என் பல்லைத் திரையில் காட்டினார்கள். அந்த அளவில் பார்த்தால் யார் பல்லும் எரிமலைதான். ஃபில்லிங் நிற்காது, பல்லின் மேற்பகுதியை மூடுகிற செராமிக் ஆன்லே வைக்கலாம், இல்லையென்றால் வேர் சிகிச்சை செய்து கேப் போட்டுவிடலாம் என்றார்கள். வேறு வழி எதையும் அவர்களாகச் சொல்லவில்லை.

இரண்டாவது மாட்டுங்காவில், பூக்கடைச் சந்துக்கு மேலே முதல் மாடி. டாக்டரம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். பாலக்காட்டு வாடையுள்ள தமிழ். எக்ஸ்ரேயைப் பார்ப்பதற்கு முன்பே "டூத் பிக் யூஸ் பண்றேளா?" என்று கேட்டார். ஆமாம், கீரையும் கறி நாரும் அந்த இடத்தில் போய் மாட்டிக்கொள்ளும், ஒரு வருஷமாகவே குத்தி எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். "அப்போ தொடக்கத்திலேயே பக்கத்துப் பல்லோட காண்டாக்ட் சரியா வரல" என்றார். எக்ஸ்ரேயில் பழைய அடைப்பின் கீழே, ஈறுக்கு அருகில், ஒரு கறுப்பு நிழல். அடைப்பு உடைந்தது சிக்கியால் என்று நான் நினைத்திருந்தேன். அடியில் எப்போதோ மறுபடி சொத்தை பிடித்திருக்கிறது, சிக்கி கடைசித் தட்டு மட்டும் தட்டியிருக்கிறது.

இப்படி அடைப்புக்கு அடியிலேயே மறுபடி பிடிக்கும் சொத்தைதான் எந்தப் பொருளுக்கும் முதல் எதிரி. வெள்ளியானாலும் சிமெண்டானாலும் அது எத்தனை வருஷம் நிற்கும் என்பது பெரும்பாலும் அந்த ஓரம் எவ்வளவு இறுக்கமாக மூடியிருக்கிறது என்பதில் இருக்கிறது.

முதலில் அம்மாவின் வெள்ளி. அமால்கம் என்று டாக்டர்கள் சொல்வது. எடையில் ஏறக்குறையப் பாதி பாதரசம், மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு கலந்த தூள். இரண்டையும் சேர்த்தால் கொஞ்ச நேரம் களிம்பு மாதிரி இருக்கும், அதற்குள் பள்ளத்தில் வைத்து அழுத்த வேண்டும், அப்புறம் கல்லாகிவிடும். 1820களில் பிரான்சில் தொடங்கி, 1830களில் அமெரிக்கா போய், அங்கே பல் டாக்டர்களுக்குள் பெரிய சண்டையையே கிளப்பியது. பாதரசக் கலவையைத் தொடமாட்டோம் என்று 1840களில் அவர்கள் சங்கத்தில் உறுப்பினர்களிடம் உறுதிமொழி வாங்கும் அளவுக்குப் போனது. ஆக, நம் வாட்ஸ்அப் சண்டைக்கு வயது நூற்றி எண்பது.

மாட்டுங்கா டாக்டர் படித்த காலத்தில் சின்ன உரலில் தூளையும் பாதரசத்தையும் போட்டு அரைத்து, துணியில் வைத்துப் பிழிந்து, உள்ளங்கையில் கட்டைவிரலால் தேய்த்துப் பதம் பார்ப்பார்களாம். கையுறை கிடையாது. "அந்தக் கையோட டிபன் பாக்ஸைத் தொறந்திருக்கேன்" என்று சிரித்தார். பல்லுக்குள் வைத்து அழுத்தும்போது புதுப் பனியில் நடப்பதுபோல ஒரு 'நறநற' சத்தம் வரும், அது வந்தால் கலவை சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்றார். சொல்லும்போது விரல்கள் தாமாக அழுத்திக் காட்டின.

அதன் பெரிய குணம் பொறுமை. கொஞ்சம் ஈரம் பட்டாலும் கோபித்துக்கொள்ளாது. வேலை சீக்கிரம் முடியும், செலவு குறைவு, கடைவாய்ப் பல்லில் அரைப்பைத் தாங்கும். கடைவாய்ப் பற்களில் அமால்கத்தையும் பல் நிறக் கம்போசிட்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் திரட்டிய காக்ரேன் குழு, கம்போசிட் தோற்கும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று 2014இல் எழுதியது. அம்மா படித்திருக்க மாட்டாள். ஆனால் அவள் சொன்னதும் அதுதான்.

குறை என்னவென்றால், அது பல்லோடு ஒட்டாது. வாய் குறுகி அடி அகன்ற சட்டி போலப் பல்லைக் குடைந்தால்தான் கழலாமல் உட்காரும். அதற்காக நல்ல பல்லும் கொஞ்சம் போகும். இருபது வருஷம் கழித்து அடைப்பு அப்படியே இருக்கும், பக்கச் சுவர் உடைந்திருக்கும். நிறமும் போகப்போகக் கறுக்கும்.

பாதரச விஷயத்தில் இரண்டு கேள்விகள் குழம்பிக் கிடக்கின்றன. உள்ளே இருக்கும் அடைப்பு ஆளைக் கெடுக்குமா என்பது ஒன்று. மெல்லும்போது மிகச் சிறிய அளவில் பாதரச ஆவி வரத்தான் செய்கிறது. அமெரிக்காவிலும் லிஸ்பனிலும் குழந்தைகளைப் பல வருஷம் தொடர்ந்து கவனித்த இரண்டு ஆய்வுகள் 2006இல் வெளிவந்தன. வெள்ளி வைத்த பிள்ளைகளுக்கும் வைக்காதவர்களுக்கும் அறிவு வளர்ச்சியில் வித்தியாசம் தெரியவில்லை. இருந்தாலும், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், நரம்புநோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2020இல் சொன்னது. ஏற்கெனவே நன்றாக இருக்கும் வெள்ளியைப் பயந்து தோண்டி எடுக்க வேண்டாம் என்றும் சேர்த்தே சொன்னது. தோண்டும்போதுதான் ஆவி அதிகம் வரும். வாட்ஸ்அப்பில் இந்தப் பின்பாதி வருவதே இல்லை.

இரண்டாவது கேள்வி, கிளினிக்கிலிருந்து சாக்கடைக்குப் போகும் பாதரசம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட மினமாட்டா உடன்படிக்கையில் பல் அடைப்பும் அடங்கும். 2017இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018இல் சேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரியிலிருந்து, தவிர்க்க முடியாத மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அமால்கம் வைக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. மாட்டுங்கா டாக்டர் தன் கலவை இயந்திரத்தை எப்போதோ ஓரங்கட்டிவிட்டார். விஷம் என்று பயந்து அல்ல. "கேக்கறவா இல்லை. மிச்சத்தை எங்கே போடறதுன்னும் யாரும் சொல்லலை" என்றார். புதிதாகப் படித்து வருபவர்களுக்குக் கம்போசிட்டில்தான் கை ஓடுகிறது என்று அக்கா மகளும் சொன்னாள். ஆக, எனக்கு வெள்ளி வேண்டும் என்று நான் அடம்பிடித்தாலும் வைக்க ஆள் தேட வேண்டும்.

கேட்கக்கூடாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "உங்க பல்லுல என்ன டாக்டர் வச்சிருக்கீங்க?" அவர் முகக்கவசத்தை இறக்கி, கன்னத்தை விரலால் ஒதுக்கிக் காட்டினார். மேல்வரிசையில் கறுப்பாக ஒரு வெள்ளி. இரண்டாம் வருஷத்தில் கூடப் படித்தவள் வைத்துப் பழகியதாம். "அவ இப்போ கோயம்புத்தூர்ல பெரிய டாக்டர். இது அப்படியே இருக்கு. ஆனா இன்னிக்கு எனக்கு ஓட்டை விழுந்தா கம்போசிட்தான் வச்சுப்பேன், அதுவும் ரப்பர் டேம் போடற கையில்தான்." முன்பாதியைவிடப் பின்பாதிதான் எனக்கு உதவியது. ரப்பர் டேம் என்றால் என்ன என்று கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

கம்போசிட் என்றால் நம்மவர்கள் 'லைட் அடிச்சு வைக்கிறது', 'பல் கலர்' என்று சொல்வது. உண்மையில் பிளாஸ்டிக் பசையில் நுண்ணிய கண்ணாடித் தூள். 1955இல் பூனோகோர் என்ற அமெரிக்கர், உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்க பாஸ்பாரிக் அமிலம் தடவுவதைப் பார்த்து, பல்லிலும் தடவினால் என்ன என்று செய்து பார்த்தார். 1962இல் ரஃபேல் போவன் அதற்கேற்ற பிசினுக்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைக்கும் வழி அதுதான். நீலநிற அமிலக் களிம்பைச் சில விநாடிகள் தடவி, கழுவி, ஒட்டும் திரவம் பூசி, இரண்டு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டராக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல வெளிச்சத்தில் இறுக்க வேண்டும். இறுகும்போது அது இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். அடுக்கடுக்காக வைப்பது அதனால்தான். ஒரே தடவையில் நாலு மில்லிமீட்டர் வைக்கக்கூடிய வகையும் இப்போது வந்திருக்கிறது.

நல்ல பல்லைக் குடைய வேண்டியதில்லை. சொத்தையை மட்டும் எடுத்தால் போதும், மீதியை ஒட்டு பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒட்டுகிற எதற்கும் உள்ள பலவீனம் இதற்கும் உண்டு. ஒரு சொட்டு எச்சில், ஈறிலிருந்து ஒரு துளி ரத்தம் பட்டால் அந்த இடத்தில் பிடிக்காது. அன்றைக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து எக்ஸ்ரேயில் நிழலாகத் தெரியும். அதற்குத்தான் ரப்பர் டேம்: பல்லை மட்டும் வெளியே நீட்டவிட்டு, மீதி வாயை மூடும் ஒரு ரப்பர்த் தாள். மூச்சு முட்டும் என்று பேஷண்டுகள் பயப்படுகிறார்கள், போட ஐந்து நிமிடம் ஆகிறது, அதனால் பல டாக்டர்கள் பஞ்சு உருளையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என் இருபது நிமிட அடைப்பில் அந்தத் தாளை நான் பார்க்கவே இல்லை. வெளிச்சக் கருவி 'பீப்' என்று கத்தியது இரண்டு தடவையோ மூன்று தடவையோ.

காசு விஷயத்தில் டாக்டரம்மா ஒளிக்கவில்லை. கம்போசிட்டில் அவர்களுக்கும் வரும்படி அதிகம், நேரமும் அதிகம். பேஷண்ட் கேட்பது நிறம், விலை, வலிக்குமா, எத்தனை வருஷம். "வாரண்டி கார்டு உண்டான்னும் கேக்கறா, மிக்ஸி வாங்கற மாதிரி" என்றார். கேப்புக்கு லேப்களிலிருந்து வாரண்டி கார்டு வருகிறது, அதனால் ஃபில்லிங்குக்கும் எதிர்பார்க்கிறோம். அவருக்கோ பயம் வேறு இடத்தில்: ஓரம் ஈறுக்குக் கீழே இறங்கிவிடுமா, ரத்தம் வருமா, பக்கத்துப் பல்லோடு இறுக்கமாக உட்காருமா. ஒரே நாற்காலியைச் சுற்றி இரண்டு பேரும் வேறு வேறு பல்லைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது.

கறை பற்றி ஒரு வார்த்தை. மஞ்சளும் டீயும் காபியும் கம்போசிட்டில் மெல்ல ஏறும். கடைவாயில் யார் பார்க்கப்போகிறார்கள்? முன்பல்லாக இருந்தால் யோசிக்கலாம்.

இனி சிமெண்ட். நம் ஊர்ப்பக்கம் எந்த அடைப்பையும் சிமெண்ட் என்றுதான் சொல்வோம். இந்திக்காரர்கள் அதற்கும் மேலே போய் 'மசாலா' என்பார்கள். ஆனால் நிஜமாகவே சிமெண்ட் என்று பெயர் கொண்ட ஒன்று உண்டு: கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சுருக்கமாக ஜிஐசி. லண்டனில் அரசு வேதியியல் கூடத்தில் வில்சனும் கென்ட்டும் உருவாக்கி 1970களின் தொடக்கத்தில் வெளியிட்டது. கண்ணாடித் தூளையும் ஒரு அமிலத்தையும் குழைத்தால் தானாக இறுகும், வெளிச்சம் வேண்டாம். பல்லோடு வேதியியல் முறையில் தானாகவே ஒட்டும். ஃப்ளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். கம்போசிட் அளவுக்கு ஈரம் படாமல் காக்கவும் வேண்டாம். 1980களில் தான்சானியாவில் மின்சாரமே இல்லாத கிராமங்களில், கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு இதைக்கொண்டு அடைத்தார்கள். பின்னால் உலக சுகாதார நிறுவனமும் அந்த முறையை ஊக்குவித்தது.

இவ்வளவு இருந்தும் நம் மக்களிடம் இதற்கு மரியாதை இல்லை. விலை குறைவு, பார்க்கச் சுண்ணாம்பு மாதிரி மங்கலாக இருக்கிறது, அதனால் 'டெம்பரரி' என்று நினைக்கிறார்கள். கிராம்பு எண்ணெய் வாசனையோடு வைக்கும் தற்காலிக அடைப்பு வேறு, இது வேறு. ஆனால் கடைவாய்ப் பல்லில் மேலும் பக்கவாட்டிலும் உடைந்த பெரிய பள்ளத்தை இதை மட்டும் வைத்து அடைத்தால் தேயும், விரிசல் விடும். தேங்காய்ச் சில்லும் முறுக்கும் கடிக்கிற வாய்க்கு அது போதாது.

அதே மாட்டுங்கா கிளினிக்கில் அம்மாவுக்கு அன்றைக்கே ஒன்று வைத்தார்கள். மேலே சொன்ன வெள்ளிப் பல்லில் அல்ல. டாக்டர் அதை ஊசிமுனையால் ஓரம் சுற்றித் தடவிப் பார்த்து, "இதைத் தொடவே வேண்டாம்" என்று விட்டுவிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டியதில்லை. அவளுக்குச் சொத்தை வேறு பல்லில், ஈறு இறங்கி வேர் தெரிகிற கழுத்துப் பகுதியில். அவள் சாப்பிடும் மாத்திரைகளில் சில வாயை உலர்த்துகின்றன. எச்சில் குறைந்தால் வேர்ப்பகுதியில் சொத்தை வேகமாகப் பிடிக்கும். அந்த இடத்தில் கடிக்கும் அழுத்தம் குறைவு, ஈறுக்கு ஒட்டினாற்போல இருப்பதால் முழுக்க உலர்த்துவது கஷ்டம், ஃப்ளோரைடு வந்தால் உபகாரம். ஜிஐசிக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. பதினைந்து நிமிடம். மேலே வாஸ்லைன் மாதிரி ஒன்றைப் பூசி, ஒரு மணி நேரம் எதையும் மெல்லாதீர்கள் என்று அனுப்பினார். "சாந்தி இல்லையா?" என்று அம்மா கேட்டாள். அவளுக்கு இன்னும் திருப்தி இல்லை.

ஏழு வயது மகளுக்கும் ஒரு பால்பல் சொத்தை. விழப்போகிற பல்தானே என்று இருந்தேன். பின்கடைவாய்ப் பால்பல் பத்து, பன்னிரண்டு வயது வரை இருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அவளுக்குச் சிமெண்டும், ஸ்டீல் தொப்பியும் பேசப்பட்டன. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற டாக்டர் செய்து காட்டிய முறையில், குடையாமல், ஊசி போடாமல், அந்தத் தொப்பியைச் சிமெண்ட் வைத்து அழுத்திவிடுவார்கள். மனைவி பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள் என்று தயங்கினாள். மகள் 'ரோபோட் பல்' என்று சந்தோஷமாகவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

செராமிக் ஆன்லே, தங்கம் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. தங்கம் பல்லோடு சேர்ந்து தேயும், எதிர்ப்பல்லைக் கெடுக்காது, பழைய டாக்டர்கள் இன்னும் அதைப் பற்றி ஏக்கத்தோடு பேசுகிறார்கள். இன்றைய பவுன் விலையில் அதைப் பற்றி நானும் ஏக்கத்தோடு மட்டும்தான் பேச முடியும். செராமிக், பல்லின் முகடுகள் போய்விட்டால் சரி. எனக்குச் சுவர்கள் நன்றாக நிற்கின்றன. முதல் கிளினிக்கில் சொன்னது தவறு என்று சொல்லமாட்டேன், என் பல்லுக்கு ஒரு அளவு பெரிய சட்டை.

மாட்டுங்காவில் எனக்குச் சொன்ன விலை: ஜிஐசி 900 ரூபாய், கம்போசிட் 2,200, இரண்டும் சேர்த்து 2,600, செராமிக் ஆன்லே 9,000. இது ஒரு டாக்டர் ஒரு நாள் சொன்னது. அந்தேரியில் கூடும், உல்லாஸ்நகரில் குறையும். பணம்தான் தடை என்றால் நாயரும், சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. கல்லூரிகளில் செலவு மிகக் குறைவு, ஆனால் நாள் கணக்கில் நேரம் போகும். மாணவர் செய்யும் வேலையை ஆசிரியர் இடையிடையே வந்து பார்ப்பார். அவசரம் இல்லாதவருக்கு அது மோசமான பேரம் இல்லை. அக்கா மகளை விட்டே அடைத்துக்கொள்ளலாமா என்று ஒரு யோசனை வந்தது. "மாமா, சொந்தக்காரங்க பல்லுல கை வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

இரண்டும் சேர்த்து என்பதுதான் எனக்கு வைத்தது. முப்பத்தாறாம் நம்பர் பல், அதாவது இடது கீழ் முதல் கடைவாய்ப் பல். ஆறு வயதில் முளைத்தது, நாற்பது வருஷமாக உழைக்கிறது. பள்ளத்தின் ஒரு ஓரம் ஈறு வரை இறங்கியிருந்தது. அங்கே கம்போசிட் பிடிப்பது சந்தேகம், மேலே ஜிஐசி தாங்குவது சந்தேகம். ஆகவே அடியில் சிமெண்ட், மேலே கம்போசிட். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் சாண்ட்விச். மும்பையில் சாண்ட்விச் என்றால் உருளைக்கிழங்கும் பச்சைச் சட்னியும்தான் ஞாபகம் வரும். வாய் மரத்திருந்ததால் சிரிக்க முடியவில்லை.

ஊசி போட்டு, பழைய அடைப்பையும் அடியில் இருந்த சொத்தையையும் எடுக்க ஏரோட்டர் என்கிற குடையும் கருவி பத்து நிமிடம் ஓடியது. கடைசியில் கைக்கருவியால் சுரண்டினார். ஈரமான தோல் மாதிரி பழுப்பாகச் சுருண்டு வந்ததைப் பஞ்சில் துடைத்துக் காட்டினார். ரப்பர் டேம் போட்டதும் முதல் ஒரு நிமிடம் பதற்றமாக இருந்தது, மூக்கால் மூச்சு விடலாம் என்று தெரிந்ததும் சரியாகிவிட்டது. எச்சில் விழுங்கலாம், வாயில் தண்ணீர் சேராது, பேச மட்டும் முடியாது. பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய உலோகப் பட்டை, இரண்டு பல்லுக்கும் நடுவே ஒரு மர ஆப்பு, அதற்கு மேல் ஒரு வளையம். பக்கத்துப் பல்லைக் கொஞ்சமே கொஞ்சம் தள்ளிப் பிடிக்கும் அந்த வளையத்தில்தான் காண்டாக்ட் இருக்கிறது என்றார். டூத் பிக்குக்கு விடை கொடுக்கும் வளையம். சிமெண்ட் வைத்தார், அது இறுகக் காத்திருந்தார், அப்புறம் நீலக் களிம்பு, கழுவல், ஒட்டு, அடுக்கு, வெளிச்சம். உதவிக்கு நின்ற பெண் ஆரஞ்சு நிறத் தகட்டைப் பிடித்திருந்தாள். நான் பீப் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்று.

டேமை எடுத்துவிட்டு நீலக் காகிதத்தைக் கடிக்கச் சொன்னார். தேய்த்தார், கடிக்கச் சொன்னார், மறுபடி தேய்த்தார். நூலை இரண்டு பல்லுக்கும் நடுவே விட்டு மேலே இழுத்தபோது 'டப்' என்று ஒரு சின்னச் சத்தம். அந்தச் சத்தத்துக்குத்தான் அவர் இவ்வளவு நேரமும் காத்திருந்தது போலிருந்தது. மொத்தம் ஒரு மணி பத்து நிமிடம்.

மரப்பு நின்றதும் அந்தப் பக்கம் மட்டும் முதலில் முட்டுவதுபோல் இருந்தது. வாய் மரத்திருக்கும்போது நாம் சரியாகக் கடிப்பதில்லை, அதனால் இது சகஜமாம். நாலாம் நாள் மறுபடி போய், உயர்ந்திருந்த புள்ளியைத் தேய்த்துக்கொண்டு வந்தேன். அதற்குக் காசு வாங்கவில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு எக்ஸ்ரே எடுத்து அடி ஓரத்தைப் பார்க்க வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் அம்மா வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தாள். எந்தப் பல் என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. "வச்ச மாரியே தெரியலியேல, இதுக்கா இத்தன ரூவா?" என்றாள்.